பனியில் நிற்கும் விமானமும் மடியில் இரண்டு பிள்ளைகளும்

கேள்வி: ஜனவரி 3, காலை 11.20

பொங்கலுக்கு முதல் தடவையாகப் பிள்ளைகளோடு டெல்லியிலிருந்து ஊருக்குப் பறக்கப் போகிறோம். மூத்தவனுக்கு ஐந்து, இளையவளுக்கு ஒன்றரை. பனி பனி என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அது போதாதென்று, "லேட்டானால் என்ன, ஜாலியாக இருங்கள், பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்" என்று அறிவுரை வேறு. நான் கேட்பது ஒன்றுதான். நாலு மணி நேரம் தாமதமான விமானத்துக்கு இரண்டு பிள்ளைகளோடு காத்திருந்து, கடைசிவரை சிரித்த முகமாக இருந்தவர் இங்கே யாராவது உண்டா? சத்தியமாகச் சொல்லுங்கள்.

பதில்: ஜனவரி 3, இரவு 10.05

சத்தியமாக நான் இல்லை.

டெல்லிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஜனவரியில் ஊருக்குப் போவது எங்களுக்கு வருடா வருடம் செலுத்தும் நேர்த்திக்கடன் மாதிரி. டெல்லியிலிருந்து சென்னை, அங்கிருந்து தூத்துக்குடி, வாகைக்குளத்தில் இறங்கினால் அப்பா காரோடு நிற்பார். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு நாலு. இத்தனை வருடத்தில் குறித்த நேரத்துக்குக் கிளம்பியது இரண்டே தடவை. அதில் ஒரு தடவை நாங்கள்தான் லேட்.

எங்கள் வீட்டு வழியைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். முறை வைத்துக் கோபப்படுவது. ஒரு மணி நேரம் நான் சிரித்த முகம், அவர் கடுகடு. அடுத்த ஒரு மணி நேரம் அவர் சிரித்த முகம், நான் கடுகடு. ட்யூட்டியில் இல்லாதவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், தனியாகப் போய் காபி குடிக்கலாம், விமானக் கம்பெனியை மனசுக்குள் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டலாம். பிள்ளைகள் பக்கம் மட்டும் வரக்கூடாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்த முகமாக இருக்கப் பார்த்தால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெடிப்போம். ஒரு வருடம் அப்படி வெடித்தோம். பக்கத்து வரிசைக்காரர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

ஜனவரி 4, காலை 7.40

மேலே எழுதியதை எங்கள் வீட்டில் அவரிடம் படித்துக் காட்டினேன். மறுப்பு தெரிவிக்கிறார். அவர் முறை வந்தபோது நான் எப்போதும் ஐந்தாவது நிமிடமே எழுந்து வந்து, "அவன் ஜட்டி மாற்றினீர்களா, தண்ணி குடுத்தீர்களா" என்று மேற்பார்வை பார்ப்பேனாம். சரி, அது உண்மைதான். ஆனால் போன வருடம் அவருடைய முறையில் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனதையும் எழுதினால்தான் நியாயம். சின்னவன் அவர் ஷூ லேஸ் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "அப்பா நல்லா விளையாடுறாங்க" என்றான்.

ஜனவரி 4, மாலை 6.15

சாப்பாடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இட்லி. வேறு யோசனையே வேண்டாம். முந்தின ராத்திரியே வார்த்து, ஆறவைத்து, இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி, வாழையிலை கிடைத்தால் இலையில், கிடைக்காவிட்டால் டப்பாவில். பொடி எண்ணெயில் ஊறி இட்லிக்குள் இறங்கிவிட வேண்டும். மேலே நிற்கும் எண்ணெயைக் கவிழ்த்து வடித்துவிடுங்கள், இல்லையென்றால் பையில் இருக்கும் எல்லாச் சட்டையும் மஞ்சளாகும். சின்னவனுக்குப் பொடி இல்லாமல் நெய் தடவி நாலு தனியாக. அந்தத் தனி டப்பாவைப் பெரியவள் கண்ணில் காட்டக்கூடாது.

டேப்லெட்டில் படம் ஏற்றிப் போவதெல்லாம் சரிதான். ஆனால் எடுத்த எடுப்பில் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் சார்ஜும் போய் பிள்ளையின் பொறுமையும் போய்விடும். அதைக் கடைசி ஆயுதமாக வையுங்கள்.

ஜனவரி 5, இரவு 9.30

பனியைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று ஒருவர் கேட்டிருந்தார். போன வருடம் பெரியவள் இதையேதான் குடைந்தாள். "ஏறுவதற்கு என்னம்மா கஷ்டம், இறங்கத்தானே கண்ணு தெரியணும்? இறங்க முடியாமல்தான் எல்லாம் லேட். நாம கிளம்பிட வேண்டியதுதானே?" ஆமாம் கண்ணு, இறங்குவதுதான் கஷ்டம், நாம் ஏறிவிடலாம், ஆனால் நமக்கான விமானம் இன்னும் வந்து இறங்கவில்லை என்று சமாளித்தேன். நல்ல பதிலாகத்தான் இருந்தது. நீங்களும் இதையே சொல்லலாம்.

ஜனவரி 5, இரவு 9.55

சொல்லாதீர்கள். தப்பாம்.

என் தம்பி விமானப் பராமரிப்பில் இருக்கிறான். இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்தான். தேவைப்படும் பார்வைத் தூரம் இறங்குவதைவிட ஏறுவதற்குத்தான் அதிகமாம். டெல்லியில் கேட் 3 பி (CAT IIIB) என்ற கருவி ஏற்பாடு இருக்கிறது. பயிற்சி பெற்ற விமானியும் அதற்கேற்ற விமானமும் இருந்தால், ஓடுபாதையில் 50 மீட்டர் தெரிந்தாலே இறங்கலாம். ஏறுவதற்கு 125 மீட்டர் தெரிய வேண்டும். ஏனென்றால் இறங்கும்போது கருவியே ஓடுபாதைவரை கொண்டுவந்து விட்டுவிடும், ஏறும்போது விமானி ஓடுபாதையின் நடுக்கோட்டுவிளக்கைக் கண்ணால் பார்த்துக் கையால்தான் ஓட்ட வேண்டும்.

பெரியவளைக் கூப்பிட்டு, போன வருடம் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். "தெரியும், மாமா அப்பவே சொல்லிட்டாங்க" என்றாள். ஒரு வருடமாகத் தெரிந்துகொண்டு சும்மா இருந்திருக்கிறாள்!

ஜனவரி 6, மதியம் 2.10

சட்டம் பேசலாம் என்று இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணமென்றால் 2 மணி நேரத் தாமதத்துக்கே சாப்பாடு தர வேண்டும். இரண்டரையிலிருந்து ஐந்து மணி நேரப் பயணமென்றால் தாமதம் 3 மணி நேரம் ஆக வேண்டும். டெல்லி–சென்னை இரண்டாவது ரகம், சென்னை–தூத்துக்குடி முதல் ரகம். உள்நாட்டில் 6 மணி நேரத்துக்கு மேல் போகுமென்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம் கேட்கலாம். பனி, புயல் மாதிரி காரணத்துக்கு நஷ்டஈடு என்று பணம் கிடையாது. ஆனால் பசிக்குப் பனி தெரியாது, சாப்பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இதைத்தான் நிறையப் பேர் விடுகிறார்கள். விமானம் மாற்றிப் போடும்போது சீட்டைச் சிதறடித்துவிடுவார்கள். 12 வயதுவரை உள்ள பிள்ளைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலேயே உத்தரவு வந்தாயிற்று. கவுன்ட்டரில் இதை அமைதியாகச் சொன்னால் போதும். சத்தம் போட்டால் அவர்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், நம்மைப் பார்க்க மாட்டார்கள்.

ஜனவரி 7, இரவு 11.30

"துணைக்கு ஆள் இருக்கிறது, முறை போட்டுக்கொள்கிறீர்கள். தனியாகப் பிள்ளையோடு போகிறவள் என்ன செய்வாள்?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

2018 போகி. டெல்லிப் பனிக்குப் பயந்து ஒரு நாள் முன்னாலேயே நானும் ஒரு வயதுப் பெரியவளும் மட்டும் சென்னைக்கு வந்து, சித்தி வீட்டில் தங்கி, விடியற்காலையில் தூத்துக்குடி விமானம் பிடிக்க மீனம்பாக்கம் போனோம். அவர் பொங்கலன்று வருவதாக ஏற்பாடு. டெல்லிப் பனியிலிருந்து தப்பித்தவளைச் சென்னையில் புகை பிடித்துக்கொண்டது. பாயும் டயரும் துணியும் எரிந்த புகை, மார்கழிக் குளிரோடு சேர்ந்து ஊர் முழுக்கக் கனமாக இறங்கி நின்றது. அன்றைக்கு வரவேண்டிய விமானங்கள் பலவற்றைப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பி விட்டார்கள். கிளம்ப வேண்டியவை கிளம்பவில்லை. பலகையில் வரிசையாகச் சிவப்பு.

முதல் ஒரு மணி நேரம் பாட்டு, தாளம், கொஞ்சல் எல்லாம் நடந்தது. அப்புறம் அவள் அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தேன், கக்கினாள். மாற்றுத் துணி செக்-இன் பெட்டிக்குள் போய்விட்டது. என் துப்பட்டாவைச் சுற்றிவிட்டேன். பக்கத்தில் ஒரு அம்மா ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள், பேச்சுகூடக் கொடுத்ததில்லை. திடீரென்று மாலையைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்கள். "குடு. போய் முகம் கழுவிட்டு, ஒரு காபி குடிச்சிட்டு வா. நான் எங்கேயும் ஓடிற மாட்டேன், ஓடுறதுக்கு விமானமே இல்ல."

நான் காபி குடிக்கவில்லை. கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் நன்றாக அழுதேன். திரும்பி வந்தபோது பெரியவள் அவர்களுடைய மூக்குக் கண்ணாடியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கண்ணாடி இல்லாமல் என்னை அடையாளம் தெரியாமல், "யாரும்மா, பிள்ளையோட அம்மா இப்ப வந்திடுவா" என்றார்கள்.

தங்கை, தனியாகப் போகிறவளுக்கும் முறை மாற்ற ஆள் இருக்கும். கேட்கத்தான் வாய் வராது. எனக்கும் வரவில்லை, அவர்களே கேட்டார்கள். இப்போது தனியாகப் பிள்ளையோடு நிற்கிற யாரைப் பார்த்தாலும் நான் போய்க் கேட்டுவிடுவேன். பாதிப் பேர் சந்தேகமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

ஜனவரி 10, காலை 5.50

விமான நிலையத்திலிருந்து. 6.45 விமானம். கண்ணாடிக்கு வெளியே பால் கொட்டியது மாதிரி இருக்கிறது. பலகையில் "சரியான நேரம்" என்றே போட்டிருக்கிறார்கள். தைரியசாலிகள்.

காலை 6.40

7.30 ஆம்.

காலை 7.25

8.15 ஆம். என் முறை முடிந்தது. அவர் விடுகதை போடுகிறார். "அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு." பெரியவள் நெல் என்று சொல்லிவிட்டாள், பொங்கலுக்குப் பொருத்தம். பதிலுக்கு அவள் போட்டது: "வரும் வரும்பாங்க, வரவே வராது. அது என்ன?" வரிசையில் இருந்த முக்கால்வாசிப் பேர் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

காலை 8.20

9 மணி. ஃப்ளைட்ராடார்24-ல் பார்த்தால் எங்களைக் கூட்டிப்போக வேண்டிய விமானம் இன்னும் லக்னோவில் நிற்கிறது. சின்னவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நம்ம பிளேன் லக்னோல தூங்குது" என்று அறிவித்துக்கொண்டிருக்கிறான். கவுன்ட்டரில் சொன்னதைவிட இதுதான் தெளிவான தகவல்.

காலை 9.05

ஒரு பாடம் படித்தேன், உடனே எழுதிவிடுகிறேன். பிள்ளைகளிடம் மணிக்கணக்குச் சொல்லவே சொல்லாதீர்கள். விடிந்ததிலிருந்து நாலு தடவை "இன்னும் அரைமணிதான்" என்றேன். நாலாவது தடவை சின்னவன், "அம்மா, உன் அரைமணி ரொம்பப் பெரிசு" என்றான். இப்போது மாற்றிவிட்டோம். பத்து விமானம் கிளம்புவதை எண்ணியபிறகு கேள்வி. பனி விலகத் தொடங்கியிருக்கிறது, ஏழு ஆயிற்று. எட்டாவது எது என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் வழக்கு.

காலை 10.40

கடவுளே. 9.50-க்கு ஏற்றிவிட்டார்கள். ஏறி, பெல்ட் போட்டு, கதவை மூடி, அங்கேயே நிற்கிறது. கதவை மூடித் தயாராக இருந்தால்தான் கிளம்பும் வரிசையில் இடம் கிடைக்கும் என்று விமானி சொல்கிறார். நியாயமாக இருக்கலாம். நாலு வயதுப் பிள்ளையைப் பெல்ட்டுக்குள் அடக்கி வைப்பவளுக்கு நியாயம் எதற்கு? சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. குளிர்ந்த சாண்ட்விச், ஒரு ஜூஸ். இட்லி 7 மணிக்கே தீர்ந்துவிட்டது, இன்னும் ஆறு வார்த்திருக்கலாம்.

ஜன்னலில் பெரியவள் "ஃபாலோ மீ" ஜீப்பைக் கண்டுபிடித்தாள். பின்னால் விளக்கெரிய அது மெல்லப் போக, அதன் பின்னால் ஒரு விமானம் ஆட்டுக்குட்டி மாதிரி போகிறது. சின்னவன் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பார்த்தான். பத்து நிமிடம்!

காலை 11.15

நகர்கிறது. போனை அணைக்கச் சொல்கிறார்கள்.

ஜனவரி 11, மாலை 5.20

வந்து சேர்ந்துவிட்டோம். தூத்துக்குடி விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய், அடுத்ததில் இடம் கிடைத்தது. நாலு பேருக்கும் நாலு மூலையில் சீட்டு. ஏப்ரல் உத்தரவை அமைதியாகச் சொன்னேன். முதலில் தெரியாத மாதிரி முழித்தார்கள், அப்புறம் மேலே கேட்டுவிட்டு இரண்டிரண்டாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். சென்னையில் காத்திருந்த நேரத்தில் பெரியவள் தரையோட்டுக் கட்டங்களில் பாண்டி விளையாடினாள். போர்டிங் பாஸின் கிழிந்த துண்டை மடித்துச் சில்லு. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நாலு கட்டம் தாண்டி, கோடு மிதிக்காமல் திரும்ப வேண்டும். அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எங்க ஊர்ல கண்ண மூடிக்கிட்டும் தாண்டணும்" என்று ஒரு சுற்றுத் தாண்டிக் காட்டிவிட்டுப் போனார். அதுதான் நேற்றைய நாளிலேயே நல்ல நேரம்.

இப்போது ஒரு மறுயோசனை. 3-ம் தேதி எழுதியதில் ஒன்றை மாற்ற வேண்டும். ட்யூட்டியில் இல்லாதவர் பிள்ளைகள் பக்கம் வராமல் கடுகடுவென்று இருக்கலாம் என்றேன். பிள்ளைகள் அந்த ஆளையும் பார்க்கத்தான் செய்கிறார்கள். நேற்று டெல்லி கவுன்ட்டரில் ஒரு பெரியவர், நல்ல கோட் சூட், அங்கே நின்ற சின்னப் பெண்ணிடம் பத்து நிமிடம் கத்தினார். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். பனியை அவளா கொண்டுவந்தாள்? நான் அப்போது ஓய்வு முறையில் இருந்தேன், அவர் கத்தியது உள்ளுக்குள் எனக்கும் இதமாகத்தான் இருந்தது, தலையை ஆட்டிக்கூட வைத்தேன். இன்று மதியம் ஆச்சி சோறு போடத் தாமதமானதும் சின்னவன் இடுப்பில் கை வைத்து, "உங்க மேனேஜரைக் கூப்பிடு" என்றான். ஆச்சிக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே திருத்தம்: ஓய்வு முறையில் இருப்பவர் கண் மறைவாகப் போய்விட வேண்டும். தூண் பக்கம், புத்தகக் கடை, எங்காவது.

ஜனவரி 12, காலை 8.00

கேள்வி கேட்டவரே பதில் போட்டிருக்கிறார், அவர்களும் ஐந்து மணி நேரம் நின்றார்களாம். "மூன்றாவது மணி நேரம் இருவரும் அழுதோம், நாலாவதில் எதற்கோ எல்லோரும் சேர்ந்து சிரித்தோம், எதற்கென்று ஞாபகமில்லை." தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு உங்கள் பதில்தான் என்னுடையதைவிட நேர்மை.

சென்னையில் 10 ரூபாய் டீ கிடைக்குமா என்று கேட்டவருக்கு: உடான் யாத்ரி கஃபே இருக்கிறது, டீ 10, காபி 20. முறை மாற்றும் இடைவேளைக்கு ஏற்ற விலை. மற்ற கடைகளில் ஒரு காபி விலைக்கு ஊரில் ஒரு படி உளுந்து வாங்கலாம் என்று அம்மா கணக்குப் போடுகிறாள். உளுந்து விலை தெரியாமல் பேசுகிறாள், விட்டுவிட்டேன்.

ஜனவரி 13, இரவு 9.10

நாளைக்குப் போகி. பழைய பாயை எரிக்கக்கூடாது என்று அப்பாவிடம் பெரியவள் கறாராகச் சொல்லிவிட்டாள், மீனம்பாக்கத்தில் குட்டிப்பிள்ளை அழுமாம். இங்கே எரித்தால் அங்கே போகாது என்று அப்பா சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. பாய் மாட்டுத் தொழுவத்துக்குப் போகிறது.

சாயங்காலம் திண்ணையில் சின்னவன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு விமானம் விளையாடினான். தாத்தா, ஆச்சி, பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர். ஏறப்போனவர்களைக் கையை நீட்டித் தடுத்துவிட்டான். "பனி. உக்காருங்க." தாத்தா எவ்வளவு நேரமாகும் என்றார். "பத்து பிளேன் போகணும்." தாத்தா வானத்தைப் பார்த்தார். எங்கள் ஊர் வானத்தில் பத்து விமானம் போக நாள் முழுக்க ஆகும். கொக்கு எண்ணலாமா என்று கேட்டார். சின்னவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றான். ஆறாவது கொக்கில் அம்மா பஜ்ஜி கொண்டுவந்தாள், அத்தோடு விமானம் ரத்து.

18-ம் தேதி திரும்புகிறோம். இந்தத் தடவை மதியம் 2 மணிக்கு டெல்லி சேருகிற மாதிரி எடுத்திருக்கிறேன். விடியற்காலையும் நடு ராத்திரியும்தான் பனிக்கு மோசம், மதியத்தில் பெரும்பாலும் விலகியிருக்கும். இட்லிக்குப் பதினேழாம் தேதியே அரைக்கச் சொல்லிவிட்டேன், முப்பது.